விமான எரிபொருளும் மானாவாரி நிலமும்: எண்ணெய்வித்துப் பயிர்களை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

புதுப்பிக்கத்தக்க விமான எரிபொருளுக்கு மூலப்பொருளாகக்கூடிய எண்ணெய்வித்துப் பயிர்களைத் தேர்ந்து, சோதித்து, பரிந்துரைக்கும் பொறுப்பிலுள்ள வேளாண் அறிவியலாளர்களுக்கும், அப்பரிந்துரைகளைக் கொண்டு திட்டம் வகுக்கும் அரசு அலுவலர்களுக்கும், அத்திட்டங்களுக்குக் கடன் வழங்கும் வங்கியாளர்களுக்கும் எழுதப்படும் மடல் இது.

இந்தியாவிலிருந்து புறப்படும் பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027ஆம் ஆண்டில் 1 விழுக்காடும், 2028இல் 2 விழுக்காடும், 2030இல் 5 விழுக்காடும் புதுப்பிக்கத்தக்க எரிபொருளாக இருக்கவேண்டும் என்னும் இலக்கை ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. பன்னாட்டு விமானங்கள் வெளியிடும் கரியமில வாயு ஒரு வரம்பைத் தாண்டும்போது விமான நிறுவனங்கள் அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016இல் வகுத்த கோர்சியா என்னும் திட்டமும் 2027 முதல் கட்டாயமாகிறது. இவ்விரண்டு காலக்கெடுக்களும் ஒரே ஆண்டில் வந்து சேர்வதால், விதையில் எண்ணெய் இருந்தும் உணவுக்குப் பயன்படாத பயிர்கள் எவை, அவற்றை எங்கே வளர்க்கலாம் என்னும் தேடல் மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. இத்தேடல் தேவையானது என்பதில் ஐயமில்லை. பேருந்தையும் தொடர்வண்டியையும் மின்சாரத்தால் ஓட்டிவிடலாம். நெடுந்தொலைவு பறக்கும் விமானத்துக்கு எடை குறைந்து ஆற்றல் செறிந்த நீர்ம எரிபொருளை விட்டால் இப்போதைக்கு வேறு வழியில்லை.

இம்மடலின் வேண்டுகோள், பயிர்களின் மதிப்பீடு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதைப் பற்றியது. விதையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் இருக்கிறது, ஆராய்ச்சிப் பண்ணையின் பாசனப் பாத்தியில் எத்தனை டன் விளைந்தது என்னும் இரண்டு எண்களே இதுவரை பரிந்துரை அட்டவணைகளின் முதல் வரிசையில் நின்றுவந்திருக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில், மானாவாரி நிலத்தில், பறிப்புக் கூலி கொடுத்த பிறகு உழவர் கையில் என்ன மிஞ்சுகிறது, அந்நிலம் அதற்கு முன் யாருக்கு எதைக் கொடுத்துவந்தது என்னும் கேள்விகள் அட்டவணையின் கடைசி வரிசையில்கூடப் பெரும்பாலும் இடம்பெற்றதில்லை. அவற்றை முதல் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே தங்கள் முன் வைக்கப்படும் கோரிக்கை. அதற்கான காரணங்கள் கீழே விரிக்கப்படுகின்றன.

தாவர எண்ணெய் விமான எரிபொருளாக மாறும் வேதியியலே முதற்காரணத்தைத் தருகிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலுடன் பிணைந்த அமைப்பாகும். உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி, வினையூக்கியின் துணையோடு அதிலுள்ள ஆக்சிஜனை நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேற்றினால் பாரஃபின்கள் எனப்படும் நீண்ட கார்பன் சங்கிலிகள் எஞ்சுகின்றன. பெரும்பாலான தாவர எண்ணெய்களில் இச்சங்கிலிகள் 16 முதல் 22 கார்பன் அணுக்கள் வரை நீளமுள்ளவை. விமான எரிபொருளுக்கு வேண்டியவையோ ஏறத்தாழ 8 முதல் 16 அணுக்கள் கொண்டவை. ஆகவே நீண்ட சங்கிலிகளை உடைத்து, நேர்ச்சங்கிலிகளைக் கிளைச்சங்கிலிகளாக உருமாற்றுவது அடுத்த படியாகிறது. கிளைத்த மூலக்கூறுகள் குளிரில் எளிதில் உறைவதில்லை என்பதும், ஜெட் ஏ-1 என்னும் விமான எரிபொருள் மைனஸ் 47 பாகை செல்சியஸ் வரை உறையாமல் இருக்கவேண்டும் என்பதும் இப்படியை இன்றியமையாததாக்குகின்றன. இம்முறையில் பெறும் எரிபொருளை வழக்கமான எரிபொருளுடன் பாதிக்குப் பாதி வரை கலக்கலாம் என்று 2011இல் பன்னாட்டுத் தரநிர்ணயம் ஒப்புதல் அளித்தது. லாரிகளுக்குரிய பயோடீசல் ஆக்சிஜன் நீக்கப்படாத எஸ்டர் வகையைச் சேர்ந்தது. அது விமானத்துக்கு உதவாது.

இந்த ஆலைமுறையின் சிறப்பு என்னவெனில், உள்ளே செல்வது எந்த எண்ணெய் என்பதைப் பற்றி அது பெரிதும் கவலைப்படுவதில்லை. தேங்காயெண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் உணவகத்தில் வறுத்து மிஞ்சிய எண்ணெயும் இறுதியில் ஒரே வகைப் பாரஃபின்களாகவே வெளிவருகின்றன. வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. எத்தியோப்பியக் கடுகான கரினாட்டாவில் மிகுந்திருக்கும் எருசிக் அமிலத்தின் 22 அணுச் சங்கிலி நடுவில் உடைந்தால் விமான எரிபொருளுக்கேற்ற நீளத்தில் இரு துண்டுகள் கிடைக்கும். ஆமணக்கு எண்ணெயின் ரிசினோலிக் அமிலத்தில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் இருப்பதால் அதை நீக்கக் கூடுதல் ஹைட்ரஜன் செலவாகும். எனினும் இவை ஆலைச் செலவைச் சற்றே கூட்டவும் குறைக்கவும் செய்யும் வேறுபாடுகளே. ஒரு பயிரை ஏற்பதற்கோ தள்ளுவதற்கோ அவை தீர்ப்பாக மாட்டா. எந்த எண்ணெயும் ஏற்கப்படும் என்றால், எந்தப் பயிர் என்பதை முடிவுசெய்ய வேண்டிய இடம் ஆய்வகத்திலிருந்து நிலத்துக்கு மாறிவிடுகிறது.

நிலத்தைக் கேளாமல் பயிரைத் தேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் காட்டாமணக்கின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று உலகில் இல்லை. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இச்செடி போர்த்துகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவி, ஆடுமாடு கடிக்காது என்பதால் தமிழ்நாட்டு ஊர்களில் வேலிச்செடியாக நெடுங்காலம் நின்றது. 2003இல் ஒன்றியத் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு காட்டாமணக்கை முதன்மைப் பயிராகக் கொண்டு தேசிய பயோடீசல் இயக்கத்தைப் பரிந்துரைத்தபோது, அது தரிசிலும் வளரும், நீர் வேண்டாம், பூச்சி அண்டாது, ஏக்கருக்குப் பல குவிண்டால் காய்க்கும் என்னும் கூற்றுகள் நாடெங்கும் பரவின. டீசலில் 20 விழுக்காடு பயோடீசல் கலக்கும் இலக்கு 2011-12ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்டது. பின்னர் 2009ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை அதை 2017க்குத் தள்ளிவைத்தது. 2018ஆம் ஆண்டின் கொள்கை 2030க்குள் 5 விழுக்காடு என்று குறைத்துக்கொண்டது. இலக்கு பின்னோக்கி நகர்ந்த ஒவ்வொரு முறையும் அதை நம்பி நட்ட உழவர்களின் இழப்பு கணக்கில் ஏறவில்லை.

விமானத்துறையும் இதே காலத்தில்தான் காட்டாமணக்கின்பால் ஈர்க்கப்பட்டது. 2008 டிசம்பரில் ஏர் நியூசிலாந்து நிறுவனம் போயிங் 747 விமானமொன்றின் ஓர் எஞ்சினில் காட்டாமணக்கு எரிபொருளைப் பாதியளவு கலந்து சோதனைப் பறப்பை நடத்தியது. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து தில்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட் விமானம், டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் சத்தீஸ்கரில் சேகரிக்கப்பட்ட காட்டாமணக்கு விதையிலிருந்து உருவாக்கிய எரிபொருளை ஓர் எஞ்சினில் 25 விழுக்காடு கலந்து பயன்படுத்தியது. எரிபொருள் தரமானது, எஞ்சின் அதை ஏற்கிறது என்பதை இப்பறப்புகள் ஐயத்துக்கிடமின்றி நிறுவின. இந்திய அறிவியலாளர்களின் அச்சாதனை பெருமைக்குரியது. ஆயினும் ஒரு விமானத்தை ஒருமுறை பறக்கவைக்கச் சில நூறு கிலோ எரிபொருள் போதும். அதை ஆண்டுதோறும், நட்டமின்றி, ஆயிரக்கணக்கான சிறு நிலங்களிலிருந்து திரட்ட முடியுமா என்பது முற்றிலும் வேறான கேள்வி. அதற்குப் பறப்பு விடைசொல்ல இயலாது.

நிலம் சொன்ன விடை கசப்பானது. பெரே அரிசா-மொந்தோபியோவும் சரச்சந்திர லேலேயும் தமிழ்நாட்டின் காட்டாமணக்குத் தோட்டங்களில் விரிவான கள ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்ட கட்டுரை, விளைச்சல் எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவாக இருந்ததையும், சாகுபடி கட்டுபடியாகவில்லை என்பதையும், கட்டுபடியாகும் வாய்ப்பேகூட நீர்வசதியைப் பொறுத்தே அமைந்ததையும், ஏழை உழவர்களை இப்பயிர் மேலும் ஏழையாக்கியதையும் எடுத்துரைத்தது. நீர் வேண்டாத பயிர் என்று சொல்லப்பட்டது உண்மையில் நீரின்றி உயிர்பிழைக்கக்கூடிய பயிர் மட்டுமே; பிழைத்திருப்பதும் காய்ப்பதும் செடிக்கு ஒன்றல்ல என்பதை எந்த மானாவாரி உழவரும் சொல்லியிருப்பார். காய்கள் ஒரே நேரத்தில் பழுக்காமல் ஒரே குலையில் பிஞ்சும் பழமுமாக நிற்பதால் திரும்பத் திரும்பக் கையால் பறிக்கவேண்டியிருந்தது, விதைக்குக் கிடைத்த விலை பறிப்புக் கூலிக்கே போதவில்லை. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கில் ஃபோர்பால் எஸ்டர் என்னும் நச்சு இருப்பதால் நிலக்கடலைப் பிண்ணாக்கைப்போல் மாட்டுக்கு வைக்கவும் இயலவில்லை.

இவை ஒவ்வொன்றும் நடுவதற்கு முன்பே அறியக்கூடியவையாக இருந்தன என்பதுதான் இங்கு வருத்தத்தோடு அழுத்திச் சொல்லவேண்டியது. காட்டாமணக்கு பயிராக வளர்த்தெடுக்கப்படாத காட்டுச்செடி. நெல்லையும் எள்ளையும் போல ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் பொறுக்கி எடுத்து விதைத்த வரலாறு அதற்கு இல்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவிய செடிகள் சில தாய்ச்செடிகளின் வழித்தோன்றல்களாதலால் அவற்றின் மரபுப் பன்மை மிகக் குறுகியது என்பதும், தாயகமான மெக்சிகோவில் நச்சற்ற வகைகள்கூட உண்டு, அங்கு மக்கள் அவற்றின் பருப்பை வறுத்து உண்கிறார்கள் என்பதும் பின்னர் பேசப்பட்டன. பத்தாண்டு பொறுத்து, அப்பன்மையைக் கொண்டுவந்து, கலப்பினம் உருவாக்கி, பலவகை மண்ணில் சோதித்த பிறகு பரிந்துரைத்திருக்கலாம். பரிந்துரை முந்திக்கொண்டது, ஆய்வு பின்தங்கி வந்தது.

தரிசு நிலத்தைப் பற்றிய கருத்தும் இதே அளவு கவனத்தோடு மறுபார்வைக்கு உள்ளாகவேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றோ புறம்போக்கு என்றோ குறிக்கப்பட்ட நிலம் வெறுமையாகக் கிடப்பதில்லை. அங்கு ஆடு மேய்கிறது, விறகு வெட்டப்படுகிறது, கோடையில் ஊரின் ஏழைக் குடும்பங்களுக்குக் கையில் காசு கிடைப்பது பெரும்பாலும் அந்நிலத்திலிருந்துதான். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டாரத்தில் ஜெனிஃபர் பாக்காவும் ராபர்ட் பெய்லிஸும் மேற்கொண்ட ஆய்வு இதற்கு அரிய எடுத்துக்காட்டு. தரிசு எனப்பட்ட நிலங்களில் வளர்ந்திருந்த சீமைக்கருவேலம் வீட்டடுப்புகளுக்கும், கரிமூட்டங்களுக்கும், சிறுதொழில்களுக்கும், மின்னுற்பத்திக்கும் எரிபொருளாகச் சென்றுகொண்டிருந்தது. அதை அகற்றிக் காட்டாமணக்கை வைத்தால் கிடைக்கக்கூடிய பயன்படு ஆற்றலைவிட ஏற்கெனவே இருந்த சீமைக்கருவேலப் பொருளாதாரம் குறைந்தது 2.5 மடங்கு மிகுதியாக ஆற்றல் தந்துவந்தது என்று 2014இல் வெளியான அவர்களது கணக்கீடு காட்டியது. சீமைக்கருவேலத்தின் தீமைகளைப் பற்றி வாதிட நிறைய உண்டு. ஆனால் அதை வெட்டிவிட்டு எரிபொருள் பயிர் நடுவது ஆற்றலைப் பெருக்கும் செயல் என்னும் எண்ணம் இவ்வாய்வுக்குப் பிறகு நிற்க இயலாது.

மறுபுறம், மேலைநாடுகளில் இப்போது ஓரளவு வெற்றிபெற்றுவரும் எண்ணெய்வித்துப் பயிர்களை நோக்கினால் வேறொரு பாடம் கிடைக்கிறது. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் மக்காச்சோள அறுவடைக்கும் அடுத்த சோயா விதைப்புக்கும் இடையில் பனிக்காலம் முழுதும் நிலம் வெறுமையாகக் கிடப்பதுண்டு. அந்த இடைவெளியில் பென்னிகிரெஸ் என்னும் கடுகுக் குடும்பச் செடியை வளர்த்து, இளவேனிலில் அறுவடைசெய்து, மண்ணரிப்பையும் நைட்ரேட் வடிந்தோடுவதையும் தடுத்துக்கொள்ளும் முயற்சி அங்கே நடைபெறுகிறது. அதே குடும்பத்தின் காமெலினா மூன்று மாதத்தில் முற்றும் குறுகிய காலப் பயிராதலால் வறண்ட குளிர்ப்பகுதிகளில் கோதுமைச் சுழற்சிக்குள் பொருந்துகிறது. 2009இல் ஜப்பான் ஏர்லைன்ஸ், கேஎல்எம் நிறுவனங்களின் சோதனைப் பறப்புகளில் அதன் எண்ணெய் பயன்பட்டது. உருகுவேயிலும் அர்ஜென்டினாவிலும் குளிர்காலப் பயிராக விதைக்கப்படும் கரினாட்டாவின் எரிபொருளை 10 விழுக்காடு கலந்து 2018 ஜனவரியில் குவான்டாஸ் விமானம் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து மெல்போர்னுக்குப் பறந்தது. இப்பயிர்களின் வலிமை எண்ணெய் விழுக்காட்டில் மட்டும் இல்லை. உண்மையாகவே காலியாக இருந்த ஒரு பருவத்தை அவை கண்டுபிடித்துக்கொண்டன; உணவுப் பயிர் எதையும் இடம்பெயர்க்காமல் உழவருக்குக் கூடுதலாக ஓர் அறுவடையைத் தந்தன; அவற்றுள் கரினாட்டாவின் பிண்ணாக்கும் காமெலினாவின் பிண்ணாக்கும் கால்நடைத் தீவனமாகவும் விலைபோகின்றன.

இப்பயிர்களை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் எழுமாயின், அவற்றுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதைவிட முதன்மையான தடை ஒன்று உண்டு: அங்கிருந்த காலிப் பருவம் இங்கே எங்கே இருக்கிறது? காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு முன்பே ஈரமண்ணில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கப்பட்டு, நெல்லுக்குப் பின் அந்த ஈரத்திலேயே விளைந்துவிடுகின்றன. அந்த இடைவெளி பருப்பால் நிறைந்திருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரே ஒரு பட்டமே சாத்தியம்; அதில் பருத்தியும், சிறுதானியமும், உளுந்தும், சூரியகாந்தியும் இடம்பிடித்திருக்கின்றன, மழைக்குப் பின் கிடக்கும் மாதங்களில் ஈரமே இல்லை. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகும் நிலையில், ஈரமும் மண்ணும் இருக்கும் ஓரிடத்தில் எண்ணெய்வித்து ஒன்றைப் புதிதாக விதைக்க முடியுமானால் அங்கு எள்ளோ நிலக்கடலையோ வருவதே முறை. ஆகவே பருவப் பயிர் வழியாக விமான எரிபொருளைத் தேடுவது தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவது ஆராய்ச்சி நிலையங்களின் கடமையாகிறது.

ஆமணக்கு இங்கே ஒரு தனி நிலையில் நிற்கிறது. உலக ஆமணக்கு உற்பத்தியின் பெரும்பங்கு இந்தியாவுடையது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டுக்கேற்ற கலப்பினங்களை வெளியிட்டுள்ளது. வரப்போரத்திலும் ஊடுபயிராகவும் அதை வளர்க்கும் அறிவு உழவர்களிடம் உண்டு. எனினும் மசகெண்ணெய், நைலான்-11, மருந்து, வண்ணப்பூச்சு என அதிக விலை தரும் சந்தைகள் ஆமணக்கு எண்ணெய்க்கு ஏற்கெனவே இருப்பதால், அதை உடைத்து எரிபொருளாக்குவது உழவருக்கு நன்மையாகாது. ஆமணக்கை இப்பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

எஞ்சி நிற்பவை மரங்கள். அவற்றுள் முதலில் நிற்பது புங்கம். இலுப்பைக்கும் வேம்புக்கும் புன்னைக்கும் தனித்தனி வரலாறும் பயனும் உண்டு, எனினும் பரப்பாலும் எண்ணெயின் அளவாலும் புங்கமே தீவிர ஆய்வுக்குரியது. அதன் விதையில் 30 முதல் 40 விழுக்காடு வரை எண்ணெய் உள்ளது. பயறுக் குடும்பத்தைச் சார்ந்ததாதலால் வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்திக்கொள்கிறது. உவர்மண்ணையும் சிறிது காலம் நீர் தேங்குவதையும் வறட்சியையும் தாங்குகிறது. அதன் தழை நெல்வயலுக்குப் பசுந்தழை உரமாகவும், எண்ணெய் விளக்குக்கும் தோல் பதனிடுவதற்கும் சோப்புக்கும், பிண்ணாக்கு எருவாகவும் பயன்பட்டுவந்துள்ளன. பிண்ணாக்கிலுள்ள கரஞ்சின் என்னும் சேர்மம் கசப்பானதாதலால் கால்நடை உண்ணாது. ஆனால் அதே சேர்மம் மண்ணில் யூரியாவின் நைட்ரஜன் விரைந்து நைட்ரேட்டாக மாறுவதைத் தடுப்பதால், வேப்பம் பிண்ணாக்கைப்போல் உரத்தோடு கலக்க ஏற்றது. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிரெஷாஃப் குழுவினரும், புளோரிடாவிலும் ஹவாயிலும் டெர்விவா நிறுவனமும் இம்மரத்தை எண்ணெய்ப் பயிராக வளர்த்தெடுக்க முயன்றுவந்திருப்பது, இம்மண்ணுக்குரிய மரத்தின்மேல் உலகம் வைத்திருக்கும் மதிப்பைக் காட்டுகிறது.

அப்படியானால் புங்கத்தை உடனே பரிந்துரைத்துவிடலாமா? காட்டாமணக்கில் செய்த பிழையைத் திரும்பச் செய்வதற்கு அதைவிட நேரான வழி இல்லை. புங்கம் அயல்மகரந்தச் சேர்க்கையால் விதை பிடிக்கும் மரம். ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று கொட்டிக் காய்க்க, மற்றொன்று ஏறக்குறைய வெறுமனே நிற்பதைச் சாலையோரங்களில் எவரும் காணலாம். விதையிலிருந்து நாற்று வளர்த்து விநியோகித்தால் இந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே விநியோகிக்கப்படும். நல்ல தாய்மரங்களைக் குறித்து, பல ஆண்டு காய்ப்பை எடைபோட்டு, அவற்றிலிருந்து ஒட்டுக்கன்றுகளை உண்டாக்கி, அந்த ஒட்டுகள் வேறு மண்ணிலும் அப்படியே காய்க்கின்றனவா என்று பார்த்த பிறகே ஒரு ரகம் என்று எதையும் அழைக்க முடியும். விதைக்கன்று காய்ப்புக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும், அதன் பின்னும் நிறைகாய்ப்புக்குச் சில ஆண்டுகள் வேண்டும். இத்தகைய சோதனைக்குக் குறைந்தது 12 ஆண்டுகள் தேவை என்றால், 2030ஆம் ஆண்டின் இலக்குக்குப் புங்கம் உதவாது என்பதை இப்போதே ஒப்புக்கொள்வது நேர்மையாகும். அந்த இலக்கை வேறு மூலப்பொருள்கள் தாங்கவேண்டும்; பானிபட் சுத்திகரிப்பு ஆலை பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க 2025இல் பன்னாட்டுச் சான்று பெற்றிருப்பது அத்தகைய வழிகள் உண்டு என்பதைக் காட்டுகிறது.

காய்ப்புக்கு முந்தைய ஆண்டுகளை யார் தாங்குவது என்பது மதிப்பீட்டின் உள்ளேயே வரவேண்டிய கேள்வி. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலமுள்ள குடும்பம் ஏழு ஆண்டுகள் வருமானமின்றி மரம் வளர்க்க இயலாது. ஆகையால் தோப்பாக நடுவதைவிட வரப்பிலும், ஏரிக்கரையிலும், சாலையோரத்திலும், உவர்ப்பால் ஏற்கெனவே கைவிடப்பட்ட துண்டுநிலங்களிலும் நடுவதன் விளைச்சலையும், தோப்பாயின் இளமரங்களுக்கிடையில் பயறும் தீவனப்புல்லும் எத்தனை ஆண்டு வரை எடுக்கலாம் என்பதையும் தனித்தனியே அளந்து காட்டவேண்டும். காய் முற்றும் காலமும் முக்கியமானது. புங்கங்காய் பூத்து ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கோடையை ஒட்டி முற்றுகிறது; வயல்வேலை குறைந்த அக்காலத்தில் காய் பொறுக்குவது நிலமற்ற பெண்களுக்கு வருமானமாகும் வாய்ப்பு உண்டு. ஒருவர் ஒரு நாளில் எத்தனை கிலோ பொறுக்கி, உடைத்து, உலர்த்த முடியும் என்னும் எளிய அளவீடு பரிந்துரை அறிக்கைகளில் எண்ணெய் விழுக்காட்டுக்கு அருகிலேயே அச்சிடப்படவேண்டும், ஏனெனில் அந்நாளின் கூலியே இத்திட்டம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

பரப்பின் கணக்கையும் ஒருமுறை வெளிப்படையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 1 டன் விதை கிடைப்பதாகவும், ஆலையில் பிழியும்போது அதில் 28 விழுக்காடு எண்ணெய் தேறுவதாகவும், அந்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதியே விமான எரிபொருளாகவும் எஞ்சியது டீசல், நாஃப்தா, வாயுக்களாகவும் பிரிவதாகவும் கொண்டால், ஒரு ஹெக்டேர் 140 கிலோ விமான எரிபொருளைத் தரும். இந்தியாவில் 2023-24ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80 லட்சம் டன் விமான எரிபொருள் பயன்பட்டது. அதில் 1 விழுக்காட்டை இவ்வழியில் பெற 5.7 லட்சம் ஹெக்டேர் வேண்டும். தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 47 லட்சம் ஹெக்டேரை ஒட்டியது என்பதால், நாட்டின் நூற்றில் ஒரு பங்கு விமான எரிபொருளுக்கு இம்மாநில விளைநிலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நிகரான பரப்பு தேவைப்படும். இலக்கு பன்னாட்டு விமானங்களுக்கு மட்டும் உரியதாதலால் தேவை உடனடியாக இவ்வளவு இராது. விளைச்சல் உயர்ந்தால் பரப்பும் குறையும். ஆயினும் இக்கணக்கு ஒன்றை உறுதிப்படுத்துகிறது: எண்ணெய்வித்துப் பயிர்கள் விமான எரிபொருளின் ஒரு சிறு பகுதியையே தர இயலும், அச்சிறு பகுதிக்காகவும் விளைநிலத்தைக் கேட்பது நியாயமாகாது.

கரிமக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. கோர்சியா திட்டத்தில் வழக்கமான விமான எரிபொருளின் வாழ்நாள் வெளியீடு ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 89 கிராம் கரியமில வாயுவுக்கு நிகரானதாகக் கொள்ளப்படுகிறது. ஒரு மாற்று எரிபொருள் அதைவிடக் குறைந்தது 10 விழுக்காடு குறைவாக வெளியிடவேண்டும், 2008க்குப் பின் காடழித்தோ சதுப்பை வற்றச்செய்தோ பெற்ற நிலத்தில் விளைந்ததாக இருக்கக்கூடாது. மாற்று எரிபொருளின் வெளியீட்டுடன் மறைமுக நிலமாற்றம் என்னும் மதிப்பும் கூட்டப்படுகிறது. அதாவது, ஒரு நிலம் எரிபொருள் பயிருக்கு மாறியதால் வேறெங்கோ காடு அழிந்து உணவு விளைவிக்கப்படுமானால் அந்த வெளியீடும் இப்பயிரின் கணக்கில் சேரும். கரினாட்டா, காமெலினா போன்றவற்றுக்கு அம்மதிப்பு எதிர்மறையாக, அதாவது நன்மை தருவதாக, அட்டவணையிடப்பட்டிருப்பது உண்மைதான். எனினும் அத்தகைய மதிப்புகள் மாதிரிகளில் கொள்ளப்பட்ட நிலத்துக்கும் விளைச்சலுக்கும் உரியவை. களத்தில் விளைச்சல் பாதியாகக் குறைந்தாலோ, ஆடு மேய்ந்த நிலம் வேலியிடப்பட்டு ஆடுகள் வேறிடம் நாடிச் சென்றாலோ காகிதத்தின் நன்மை களத்தில் இருப்பதில்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் இடைப்பருவப் பயிர்களையும் கடுமையாகச் சீரழிந்த நிலத்தின் பயிர்களையும் நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டுள்ளதால், சீரழிந்த நிலம் என்று சான்றளிக்கும் ஆவலும் இனிப் பெருகும். அச்சான்றில் கையொப்பமிடும் முன், அந்நிலத்தில் ஓராண்டு முழுதும் யார் வருகிறார்கள், எதை எடுத்துச் செல்கிறார்கள் என்பதை ஊர் மக்களோடு அமர்ந்து பதிவுசெய்வது கட்டாயமாக்கப்படவேண்டும்.

ஆகவே தங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள்கள் சிலவே. புதிய எண்ணெய்வித்துப் பயிர் எதுவாயினும், பாசனமற்ற உழவர் நிலங்களில், வறட்சி ஆண்டொன்றேனும் உட்படும்வரை தொடர்ந்து சோதிக்கப்பட்ட பிறகே பரிந்துரைக்கப்படட்டும். சராசரி விளைச்சலோடு மிகக் குறைந்த விளைச்சலும் அறிக்கையில் அச்சாகட்டும். விதையை வாங்குவோர் குறைந்தபட்ச விலையையும் காலத்தையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத நிலையில், அப்பயிருக்கு உழவர் பெயரில் வங்கிக் கடன் வழங்கப்படாதிருக்கட்டும். மரப்பயிராயின் கடன் தவணை காய்ப்புக்குப் பின் தொடங்கட்டும். தாய்மரத் தேர்வுக்கும் ஒட்டுக்கன்று ஆய்வுக்கும் மூன்றாண்டு நிதியை நிறுத்திவிட்டு, பத்தாண்டுகளுக்குக் குறையாத நிதி ஒதுக்கப்படட்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, 2003 முதல் பல்கலைக்கழகங்களும் துறைகளும் நிறுவனங்களும் நடத்திய காட்டாமணக்குச் சோதனைத் திடல்களின் விளைச்சல் பதிவுகள், பட்டுப்போனவையும் பிடுங்கப்பட்டவையும் உட்பட, மாவட்டவாரியாக, மண்வகையும் மழையளவும் குறித்து, உழவர்கள் படிக்கக்கூடிய தமிழில் வெளியிடப்படட்டும்.